தேக்கு நட்ட கிராமமும் திட்டம் வகுக்கும் தலைநகரும்

ஜாவாத் தீவு என்றதும் நம் மனக்கண் முன் விரிவது நீர் நிறைந்த வயல்வெளியே. எரிமலைகள் கக்கிய சாம்பலால் கொழுத்த மண்ணும், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெற்பாத்திகளும், ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் விளையும் செழுமையும் அத்தீவின் பெரும்பகுதிக்கு உரியவைதாம். ஆயினும் யோக்யகர்த்தா நகரத்தை விட்டுத் தென்கிழக்கே மலையேறிச் செல்பவர், வெகு சீக்கிரத்திலேயே முற்றிலும் வேறான ஒரு பிரதேசத்தில் பிரவேசிக்கிறார். குனுங் கிடுல் என்பது அந்த மாவட்டத்தின் பெயர். அதன் தென்பாதியில், கூம்புகளைப் போல ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக் குன்றுகள் நெருங்கி நிற்கின்றன. பெய்த மழையெல்லாம் பாறை வெடிப்புகளின் வழியே பாதாளத்துக்கு இறங்கிவிடுவதால் மேற்பரப்பில் ஓடும் ஆறு என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. குன்றுகளின் இடுக்குகளில் தேங்கிய சொற்ப மண்ணிலும், கல்லைக் கல்லின்மேல் அடுக்கிக் கட்டிய வரப்புகளுக்குப் பின்னாலும்தான் விவசாயம் நடைபெறுகிறது. குனுங் செவு எனப்படும் இந்தக் குன்றுத் தொடரை 2015-ம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டது. பூகர்ப்ப சாஸ்திரிகளுக்கு அது ஓர் அதிசயக் காட்சி. அங்கே பிறந்து, அங்கேயே ஜீவனம் செய்ய வேண்டியிருந்த ஜனங்களுக்கோ அது பரம்பரை பரம்பரையாக வந்த சோதனை.

இந்தோனேசியாவில் ஏறத்தாழ 75,000 கிராமங்கள் இருக்கின்றன. அவற்றின் வருங்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நீர்வளம் மிக்க நெற்கிராமங்களை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். நான் வேண்டுமென்றே இந்த வறண்ட குன்றுக் கிராமங்களை எடுத்துக்கொள்கிறேன். கல்லோடு போராடியே வாழக் கற்ற ஒரு சமூகம் தன் சொந்த விவேகத்தால் எதைச் சாதித்தது என்பதும், அந்த விவேகத்துக்கு ஜகார்த்தாவில் இருக்கும் சர்க்கார் எவ்வளவு மதிப்பு அளிக்கிறது என்பதும் இங்கேதான் தெளிவாகத் தெரிகின்றன. இக்கிராமங்களுக்கு வேண்டிய பணம் கடந்த பத்தாண்டுகளில் ஓரளவு வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை அரைகுறையாகவே வந்தது, வந்ததும் இப்போது படிப்படியாகத் திரும்பப் பெறப்படுகிறது. இந்தப் போக்கு மாறாவிட்டால் கிராமங்களின் எதிர்காலம் பணத்தால் மட்டும் பிழைக்காது என்பது என் அபிப்பிராயம்.

அங்கே ஓர் ஆண்டு எப்படிக் கழிகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். புரட்டாசி, ஐப்பசி வாக்கில், வானத்தில் இன்னும் மேகம் திரளாத காலத்திலேயே, காய்ந்த மண்ணைக் கிளறிப் புழுதி விதைப்பாக நெல்லை விதைத்துவிடுகிறார்கள். முதல் மழையை ஒரு சொட்டுக்கூட வீணாக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அது. மழை ஏமாற்றிவிட்டால் விதைநெல் மண்ணோடு போயிற்று என்ற அபாயமும் அதிலேயே அடங்கியிருக்கிறது. நெல்லின் நடுவே மக்காச்சோளம், ஓரங்களில் மரவள்ளி. மாசி, பங்குனியில் நெல்லை அறுத்தபின் நிலக்கடலை. அதையும் பிடுங்கியபிறகு, மழை நின்று வெயில் ஏறும் மாதங்களில் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டி, தோலுரித்து, வீட்டு முற்றத்திலும் பாறையின் மேலும் கூரையின் மேலும் பரப்பி உலர்த்துகிறார்கள். இவ்வாறு உலர்ந்த கிழங்குக்குக் காப்லெக் என்று பெயர். அதை இடித்து மாவாக்கி ஆவியில் வேகவைத்தால் கிடைக்கும் திவுல் என்னும் உணவுதான், அரிசி வாங்க வழியில்லாத தலைமுறைகளின் வயிற்றை நிரப்பியது. இன்று அரிசிச் சோறு எல்லா வீட்டிலும் இருக்கிறது. திவுல், மாவட்டத் தலைநகரான வொனொசாரியின் கடைத்தெருவில் விருந்தினர் விரும்பி வாங்கும் தின்பண்டமாக மாறியிருக்கிறது. பட்டினியின் உணவு பலகாரம் ஆகும் அளவுக்கு ஒரு சமூகம் முன்னேறியிருப்பது சந்தோஷப்பட வேண்டிய விஷயமே.

தண்ணீரின் கதை இவ்வளவு சுலபமாக முடியவில்லை. கோடையில் குன்றுகளுக்கு நடுவிலுள்ள குளங்கள் ஒவ்வொன்றாக வற்றுகின்றன. காலடியில் நூறு மீட்டர் ஆழத்தில் நதிகள் ஓடிக்கொண்டிருக்க, மேலே பெண்கள் குடத்தோடு மைல்கணக்கில் நடந்த காலம் ஒன்று இருந்தது. 1972-ல் யோக்யகர்த்தாவில் தோன்றிய டியான் டெசா என்னும் தன்னார்வ ஸ்தாபனம், மூங்கிலையும் சிமெண்டையும் கொண்டு கிராமத்தாரே கட்டிக்கொள்ளத்தக்க மழைநீர்த் தொட்டிகளை இம்மாவட்டத்தில் பரப்பியது. அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான அன்டன் சுஜார்வோவுக்கு 1983-ல் மகசேசே விருது கிடைத்தது. பின்னர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்துப் பொறியாளர்கள் இந்தோனேசிய நிபுணர்களோடு சேர்ந்து பிரிபின் என்ற நிலத்தடி நதியைக் குகைக்குள்ளேயே தடுத்து, அந்நதியின் சக்தியைக் கொண்டே நீரை மேலே ஏற்றும் நிலையம் ஒன்றை அமைத்து 2010-ல் ஒப்படைத்தார்கள். இரண்டும் போற்றத்தக்க காரியங்கள்; ஆனால் எது நெடுநாள் நின்று பயன் தருகிறது என்று என்னைக் கேட்டால், பழுது பார்க்க அந்நிய நிபுணரை எதிர்பார்க்க வேண்டாத அந்தச் சிறு தொட்டியின் பக்கமே நான் சாய்வேன். இன்றும் குழாய் எட்டாத இடங்களில் கோடை வந்தால் லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்குகிறார்கள். புல்லும் காய்ந்துவிடுவதால் மாட்டுக்கு வைக்கோலும் சமவெளியிலிருந்து வந்தாக வேண்டும். இரண்டு மாடு உள்ளவன் ஒன்றை விற்று மற்றொன்றுக்குத் தீனி வாங்குகிற இந்த நிலைமையை, மாட்டை மாடு தின்கிறது என்று அவ்வூர் விவசாயிகள் சொல்லுகிறார்கள். மாடு அவர்களுக்கு உழவுக்காக மாத்திரம் அன்று, அதுவே சேமிப்பு. சேமிப்பு தன்னைத் தானே தின்று தீர்வது எவ்வளவு கொடுமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை இதைவிட மிகக் கொடியதாய் இருந்தது. காடழிந்து, மண் கரைந்து, குன்றுகள் மொட்டைப் பாறைகளாய் நின்ற காலம் அது. 1960-களின் முற்பகுதியில் வறட்சியும் எலித் தொல்லையும் ஒன்று சேர்ந்து விளைச்சலை அழித்தபோது, மாவு பிழிந்தெடுத்த மரவள்ளிச் சக்கையான காபெரைத் தின்று ஜனங்கள் உயிர் பிடித்து நின்றார்கள். கைகால் வீங்கி மடிந்தவர்களும் உண்டு. காபெர் காலம் என்றே முதியோர் அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்நாட்களில் மாவட்டத்தின் பரப்பில் மரங்கள் அடர்ந்த பகுதி நூற்றுக்கு மூன்று பங்கு அளவிலேயே இருந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. இப்போது அது கால் பங்குக்கும் அதிகம். அதிலும் பெரும்பகுதி சர்க்கார் காடு அன்று, விவசாயிகளின் சொந்தப் புன்செய் நிலங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் வரப்போரங்களிலும் அவர்களே நட்டு வளர்த்த தேக்கும் மகோகனியும் வேலுமாகும்.

இந்தச் சாதனையின் பெருமையை நாம் சரியாக உணர வேண்டும். காடு அழிவதைப் பற்றியே உலகமெங்கும் கேட்டுக் கொண்டிருக்கிறோம். சுமத்திராவிலும் காலிமந்தானிலும் காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாக மாறுவதைக் கண்டு பதைக்கிறோம். அதே தேசத்தில், அதே அரைநூற்றாண்டில், அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலமுள்ள ஏழை விவசாயிகள் கல்லிடுக்கில் மரம் நட்டுக் காட்டை மீட்டிருக்கிறார்கள். சர்க்கார் நாற்று கொடுத்ததும் பசுமை இயக்கம் நடத்தியதும் உண்மைதான். ஆனால் தேக்கங்கன்றைக் கோடையில் காப்பாற்றி, ஆடு கடிக்காமல் வேலி கட்டி, இருபது முப்பது ஆண்டு பொறுத்திருந்தது கிராமம். அவ்வாறு பொறுத்திருக்க முடிந்ததற்குக் காரணம், மரம் தமக்கே சொந்தம், பிள்ளைகளுக்கே சேரும் என்ற நம்பிக்கை. வாலிபர்கள் ஜகார்த்தாவுக்குப் பிழைக்கச் சென்று அங்கிருந்து பணம் அனுப்பியதும் ஒரு காரணமாயிற்று. உழைக்கும் கைகள் குறைந்த நிலத்தில், நித்தம் கவனிக்க வேண்டிய பயிரைவிடத் தானாக வளரும் மரமே தோதாய் இருந்தது. நகரத்துக்குப் போனவன் கிராமத்தைக் கைவிட்டான் என்று சுலபமாகப் பழி சொல்லிவிடுகிறோம். இங்கே அவனுடைய கூலிப் பணந்தான் குன்றைப் பசுமையாக்கியதில் பாதி என்று சொன்னால் மிகையாகாது.

மரத்தை அவர்கள் எப்போது வெட்டுகிறார்கள்? தேக்கு முதிர்ந்தபோது அல்ல, தேவை முதிர்ந்தபோது. மகள் உயர்நிலைப் பள்ளியில் சேருகிறாள், மகனுக்குக் கல்யாணம், தகப்பனாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதேனும் ஒன்று நேர்ந்ததும் மரத்தரகர் வருகிறார். நிற்கும் மரத்தையே பார்வையால் மதிப்பிட்டு விலை பேசுகிறார். இன்னும் பத்தாண்டு நின்றிருந்தால் பல மடங்கு விலை போயிருக்கக் கூடிய மரம் அற்பத் தொகைக்குச் சாய்கிறது. இந்த வழக்கத்துக்குத் தெபாங் புத்து என்று அவர்களே பெயரிட்டிருக்கிறார்கள். இதை அறியாமை என்று எண்ணுவது பெரும் தவறு. அவசரத்துக்குக் கை கொடுக்க வேறு எவரும் இல்லாத நிலையில், மரமே அவர்களுடைய பாங்கியாக இருக்கிறது. பாங்கியில் போட்ட பணத்தை முதிர்வதற்குமுன் எடுத்தால் வட்டி நஷ்டமாகிறது.

இதை மாற்றுவதற்கு அவர்களே ஒரு முயற்சி செய்தார்கள். கெடுங்கெரிஸ், கிரிசெகார், டெங்கோக் என்ற மூன்று கிராமங்களின் விவசாயிகள் வானா மனுங்கால் லெஸ்தாரி என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, 2006-ம் ஆண்டில் தங்கள் 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட சொந்தக் காட்டுக்கு, நெறிப்படி பராமரிக்கப்படும் காடு என்ற சூழலியல் நற்சான்றைப் பெற்றார்கள். அவசரத் தேவையுள்ள உறுப்பினருக்குச் சங்கம் கடன் கொடுத்தால், மரத்தை வெட்டாமல் தள்ளிப்போடலாம். முதிர்ந்த மரத்தை நற்சான்றோடு விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். அந்த லாபத்தில் கடனும் தீரும், சங்கமும் வளரும் என்பது அவர்கள் யோசனை. யோசனையில் குற்றமில்லை. ஆனால் நற்சான்று பெற்ற மரத்துக்குக் கூடுதல் விலை தரும் வியாபாரிகள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை; கடன் கொடுக்கப் போதிய மூலதனமும் சங்கத்திடம் இல்லை. தரகர் கையில் ரொக்கம் இருந்தது, சங்கத்தின் கையில் சான்றிதழ் இருந்தது. உறுப்பினரில் பலர் தரகரிடமே போனார்கள் என்றால் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூலதனம் மட்டும் சேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியைக் கீழே சொல்லப்போகும் விஷயத்தோடு சேர்த்துப் படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குமுன் அங்கே யார் எஞ்சியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2023-ம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தோனேசியாவின் விவசாயக் குடும்பங்களில் பத்தில் ஆறு அரை ஹெக்டேருக்கும் குறைந்த நிலத்தை வைத்துப் பிழைக்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் இது நூற்றுக்கு ஐம்பத்தைந்தாக இருந்தது. அந்த அரை ஹெக்டேரில் பாதி பாறையாக இருந்தால் வாலிபன் என்ன செய்வான்? தொழிற்பள்ளியை முடித்தவுடன் ஜகார்த்தாவுக்கோ அதை அடுத்த தாங்கெராங் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கோ பஸ் ஏறுகிறான். அண்டை மாவட்டமான வொனொகிரியின் ஆட்கள் இறைச்சி உருண்டை மிதக்கும் பக்ஸோ சூப்பைத் தள்ளுவண்டியில் விற்றுத் தேசமெங்கும் பேர் வாங்கியதுபோல், இவர்களும் தெருவோர வியாபாரத்திலும் கட்டட வேலையிலும் கால் ஊன்றுகிறார்கள். நோன்புப் பெருநாளுக்கும், அறுவடைக்குப்பின் ஊர் கூடிக் கொண்டாடும் ரசூலான் விழாவுக்கும் திரும்பி வந்து, சில நாள் ஊரை நிரப்பிவிட்டு மீண்டும் போய்விடுகிறார்கள். எஞ்சுகிறவர்கள் முதியோர். தேசத்திலேயே முதியோரின் விகிதம் மிகுந்த மாகாணம், இம்மாவட்டம் அடங்கிய யோக்யகர்த்தாதான். அதன் மலைக் கிராமங்களில் எழுபது வயதுக்காரர் தலையில் புல்லுக்கட்டோடு ஏறி இறங்குவது சர்வ சாதாரணம். இம்மாவட்டத்தில் தற்கொலைகள் நெடுங்காலமாக மிகுதியாய் இருந்து வருகின்றன. வானிலிருந்து இறங்கும் தீப்பந்து ஒன்றே அதற்குக் காரணம் என்று பழைய நம்பிக்கை கூறும். ஆராய்ந்தவர்களோ தீராத நோய், வறுமை, தனிமை, கவனிப்பாரற்ற மனநோய் என்று கூறுகிறார்கள். விதி என்று விட்டுவிடக் கூடிய விஷயம் அன்று இது. கிராமந்தோறும் மாதம் ஒருமுறை தாய்மாரும் தொண்டர்களும் கூடிக் குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, தடுப்பூசி போட்டு, சத்துணவு சொல்லிக்கொடுக்கும் போஸ்யாண்டு என்ற நல்ல ஏற்பாடு அத்தேசத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதே கூடத்தில், அதே அக்கறையோடு, தனித்திருக்கும் கிழவர் ஒருவரின் மனத்தையும் விசாரிக்க ஆள் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு காங்கிரீட் சாலையின் செலவில் மிகச் சிறு பங்கே.

செலவு என்றதும் சர்க்காருக்கு வருகிறோம். முப்பதாண்டுகள் நாட்டை ஆண்ட அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி 1979-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்து, மேற்குச் சுமத்திராவின் நகாரி முதலான பலவகைப்பட்ட பழைய கிராம அமைப்புகளையெல்லாம் ஜாவா மாதிரியில் ஒரே அச்சில் வார்த்தது. கிராமம் என்பது மேலிடத்து உத்தரவை நிறைவேற்றும் கடைசிப்படி ஆயிற்று. அதே ஆட்சி பள்ளிக்கூடங்களைக் கட்டியது, 1984-ல் அரிசியில் தன்னிறைவு கண்டது என்பனவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பாரில்லாமல் கொடுக்கும் பழக்கமும், கேளாமல் வாங்கும் பழக்கமும் அந்த முப்பதாண்டுகளில் வேரூன்றின. உரத்தையும் நெல் கொள்முதலையும் கையில் வைத்திருந்த அக்காலத்துக் கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள், மேலிருந்து வந்த சலுகைகள் நின்றதும் பெரும்பாலும் வாடிவிட்டன. உறுப்பினர் கட்டிய வீடாக இல்லாததால், அதை இடியாமல் காக்க உறுப்பினர் எவரும் முன்வரவில்லை.

2014-ம் ஆண்டின் கிராமச் சட்டம் இந்தப் போக்கைத் திருப்புவதாக வாக்களித்தது. ஒவ்வொரு கிராமத்துக்கும் அதன் பூர்வீக உரிமைகளும் உள்ளூர் விஷயங்களில் சுயமாகத் தீர்மானிக்கும் அதிகாரமும் உண்டு என்று அது அங்கீகரித்தது. ஊர்ச்சபை கூடிக் கலந்து முடிவு செய்யும் சம்பிரதாயத்துக்குச் சட்டப் பிரமாணம் கொடுத்தது. மறு ஆண்டிலிருந்து தேசிய பொக்கிஷத்திலிருந்து நேரே கிராமங்களுக்குப் பணம் போகத் தொடங்கியது. 2015-ல் 20.7 லட்சம் கோடி ரூபியாவாக இருந்த கிராம நிதி, 2025-ல் 71 லட்சம் கோடியாக வளர்ந்தது. அவ்வாண்டில் சராசரியாக ஒரு கிராமத்துக்கு 94 கோடி ரூபியா, அதாவது நம் நாணயத்தில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் ரூபாய். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் சாலையாகவும் பாலமாகவும் வடிகாலாகவும் தடுப்புச் சுவராகவும் உருவெடுத்தது. காங்கிரீட்டின்மேல் அவர்களுக்கு என்ன மோகம் என்று நகரத்து விமர்சகர்கள் கேட்டார்கள். மழைக்காலத்தில் பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணை மூங்கில் தூளியில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிய அனுபவம் உள்ள கிராமம், கையில் முதல் பணம் வந்ததும் சாலை போட்டதில் நான் எந்தப் பிழையையும் காணவில்லை.

பிழை பிறகு வந்தது. 2022-ம் ஆண்டில், பெருந்தொற்றை முன்னிட்டு, கிராம நிதியில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பங்கை ரொக்க உதவியாகவும், இருபது பங்கை உணவுப் பாதுகாப்புக்கும், எட்டுப் பங்கைத் தொற்றுத் தடுப்புக்கும் ஒதுக்கியாக வேண்டும் என்று அதிபரின் ஆணை விதித்தது. மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஊர்ச்சபை கூடுமுன்பே செலவாகிவிட்டது. ஆபத்துக் காலத்தின் அவசரம் என்று அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆபத்து நீங்கியபின்னும் அந்தப் பழக்கம் நீங்கவில்லை. 2025-ம் ஆண்டில் அதிபர் பிரபோவோ சுபியாந்தோவின் ஆணைப்படி தேசியக் கொடியின் நிறங்களால் சிவப்பு வெள்ளை என்று பெயரிட்ட 80,000 கிராமக் கூட்டுறவுச் சங்கங்களை நாடு முழுவதும் ஒரே மூச்சில் அமைக்கும் திட்டம் பிறந்தது. ஜூலை 21 அன்று, குனுங் கிடுலுக்கு வடக்கே அடுத்திருக்கும் கிளாத்தென் மாவட்டத்தில் அதைத் தொடங்கியும் வைத்தார்கள். ஒவ்வொரு சங்கமும் மளிகைக் கடை, மருந்துக் கடை, சிகிச்சை நிலையம், சேமிப்பு கடன் பிரிவு, குளிர்பதனக் கிடங்கு, சரக்குப் போக்குவரத்து என்று ஒரு பட்டியலின்படி நடக்க வேண்டும். அப்போது வகுத்த விதிப்படி அரசாங்க பாங்கிகள் சங்கத்துக்கு 300 கோடி ரூபியா வரை கடன் கொடுக்கலாம். தவணை தவறினால் கிராம நிதியிலிருந்து ஈடு செய்யலாம். ஒரு கிராமத்தின் அவ்வாண்டுச் சராசரி நிதியைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட கடன் அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தரகரின் பிடியிலிருந்தும் அநியாய வட்டியிலிருந்தும் கிராமத்தை விடுவிப்பதே நோக்கம் என்று சர்க்கார் சொல்கிறது. நோக்கத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. ஆயினும், மேலே நான் சொன்ன தேக்கு விவசாயிகளின் சங்கத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு மளிகைக் கடை வேண்டியிருக்கவில்லை. ஊர்ப் பெண்கள் நடத்தும் சிறு கடைகள் தெருவுக்கு இரண்டு இருக்கின்றன. புதிய பெரிய கடை வந்தால் முதலில் நலிவது அவைதாம். மீன் துறைமுகத்துக்கு வேண்டிய குளிர்பதனக் கிடங்கு மரவள்ளி உலர்த்தும் குன்றின்மேல் எதற்கு? இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த தேவை ஒன்றே ஒன்று: மரம் முதிரும்வரை காத்திருக்கக் கூடிய, பொறுமையுள்ள கடன். இத்திட்டத்தின்படி ஆறு ஆண்டுக்குள் தவணை தவணையாகத் திருப்ப வேண்டிய கடனால் அது ஆகாது. கிராமத்தைக் கேட்டிருந்தால் கிராமம் இதைச் சொல்லியிருக்கும்.

இதற்கு வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு; அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஊர்ச்சபை என்பது எல்லாருடைய சபையும் அன்று, செல்வாக்குள்ள சில ஆண்களின் சபை; கிராமத் தலைவர்களில் பலர் நிதியைக் கையாடிச் சிறைக்குப் போயிருக்கிறார்கள்; 2024-ல் சட்டத்தைத் திருத்தித் தலைவரின் பதவிக் காலத்தை ஆறிலிருந்து எட்டு ஆண்டாக நீட்டியபின் ஊரில் கேள்வி கேட்பது இன்னும் அரிதாகும்; ஆகவே மேலிருந்து கட்டுப்படுத்துவதே ஏழைக்குப் பாதுகாப்பு என்பது அந்த வாதம். இதில் கூறப்படும் குற்றங்கள் எல்லாம் உண்மை. பதவிக் கால நீட்டிப்பை நானும் தவறென்றே கருதுகிறேன். ஆனால் மேலிடத்துப் பட்டியல் இந்தக் குற்றங்களில் எதையும் நீக்குவதில்லை. பட்டியலின்படி வாங்கிய கிடங்கிலும் கையாடலாம். உத்தரவுப்படி கூட்டிய சபையிலும் பெண்கள் தேநீர் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம். கணக்கை ஊர் நடுவில் பலகையில் எழுதி வைப்பது, பெண்களுக்கென்று தனியே சபை கூட்டி அதன் முடிவைத் திட்டத்தில் சேர்ப்பது, தலைவரைத் தட்டிக் கேட்கும் ஆலோசனை மன்றத்துக்கு உண்மையான பலம் கொடுப்பது ஆகியவையே மருந்து. இவை யாவும் கிராமத்துக்கு அதிகாரம் இருந்தால்தான் அர்த்தமுள்ளவை. தீர்மானிக்க ஏதும் இல்லாத சபைக்கு யார் வேலையை விட்டுவிட்டு வருவார்கள்?

கிராமம் தானே தீர்மானித்தால் நடக்கக் கூடியதற்கு அம்மாவட்டத்திலேயே பிரசித்தமான உதாரணம் இருக்கிறது. பழைய எரிமலைப் பாறையின் அடிவாரத்திலுள்ள நங்லாங்கெரான் கிராமத்து வாலிபர் சங்கத்தார், வறண்ட மலையில் மரம் நடுவதில் தொடங்கி, பின்னர் மலையைக் காண வருவோருக்கு வழிகாட்டுவதையும் வீடுகளில் தங்க இடம் கொடுப்பதையும் தாங்களே ஏற்று நடத்தினார்கள். கூட்டம் அளவுக்கு மீறியபோது, கட்டணத்தை உயர்த்தி வருவோரின் தொகையைக் குறைத்தார்கள், வருமானம் குறையவில்லை. 2021-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா ஸ்தாபனம் உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. எல்லாக் கிராமமும் நங்லாங்கெரான் ஆகிவிட முடியாது. எல்லா ஊரிலும் எரிமலை இல்லை. ஆனால் கூட்டத்தைக் குறைப்பது என்ற முடிவை எந்தத் தலைநகரத்துத் திட்டமும் எடுத்திராது என்பதில் எனக்கு ஐயமில்லை. இதற்கு நேர் மாறான காட்சியைத் தென்கடற்கரையில் காணலாம். புதிய தெற்கு நெடுஞ்சாலை வந்ததிலிருந்து அங்கே நிலத்தின் விலை ஏறுகிறது, வெளியூர் முதலீட்டாளர் வருகிறார்கள். பாதுகாக்கப்பட்ட சுண்ணாம்புக் குன்றுப் பகுதியில் எழவிருந்த பெரிய உல்லாச விடுதித் திட்டம் ஒன்றிலிருந்து, பலத்த எதிர்ப்புக்குப்பின், பிரபல முதலீட்டாளர் ஒருவர் 2024-ல் விலகிக்கொண்டார். குன்றை வெட்டினால் கீழே ஓடும் நதிக்கு மழைநீர் இறங்கும் வழி அடைபடும். ஒரு முறை நிலம் கைமாறிவிட்டால் ஊர்ச்சபை எவ்வளவு விவேகமாகத் தீர்மானித்தாலும் தீர்மானிப்பதற்கு நிலம் இராது. ஆகவே விற்பனைக்கு வரும் நிலத்தை முதலில் வாங்கவோ நெடுங்காலக் குத்தகைக்கு எடுக்கவோ கிராமத்துக்கு உரிமையும் நிதியும் வேண்டும்.

ஜகார்த்தாவின் நிதி அமைச்சகம் உடனே செய்யக் கூடியது கடினமான காரியம் அல்ல. கிராம நிதியில் குறைந்தபட்சம் பாதியை எந்த நிபந்தனையும் இன்றி ஊர்ச்சபையின் தீர்மானத்துக்கே விட்டுவிட வேண்டும். கூட்டுறவுச் சங்கம் வேண்டுமா, வேண்டுமானால் எதற்கு என்பதைக் கிராமமே சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்ன கிராமத்தின் நிதியை எவருடைய கடனுக்கும் பிணையாக்கக் கூடாது. குனுங் கிடுலின் 144 கிராமங்களில் மரம் வைத்திருப்போர் கேட்டால், மரத்தையே ஈடாக ஏற்று, அறுவடையின்போது திருப்பிக் கொள்ளும் நீண்ட காலக் கடனை அரசாங்க பாங்கிகள் கொடுக்க வேண்டும். இன்று நடும் தேக்கு முதிர்வதற்குள் அதிபர்களும் அமைச்சர்களும் பலர் வந்து போவார்கள்; ஆனால் மகளைப் பள்ளியில் சேர்க்கும் தாய்க்குப் பணம் அடுத்த ஜூலையிலேயே வேண்டும். இவ்விரண்டு காலங்களுக்கும் நடுவே ஒரு பாலம் கட்டிக் கொடுக்கச் சர்க்காரால் முடியும். எந்தக் கொல்லையில் எந்த மரம் நிற்கலாம், எது சாயலாம் என்பதை அந்தத் தாயும் அவளுடைய ஊராரும் பார்த்துக்கொள்வார்கள்.